இது லாரிக்கு

அந்த அக்காவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கம்பம் ஊரில் பாதிப் பேர் தெரியும் என்பார்கள், மீதிப் பேர் அந்த மகராசியையா இப்படிப் பேசுகிறாய் என்று என்னோடு சண்டைக்கு வருவார்கள். மாடித்தோட்டம் போடுகிறவர்கள் மத்தியில் அவளுக்கு அப்படி ஒரு பேர். நான் அவள் வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தவள். அவளோடு ஒரே தட்டில் தின்றிருக்கிறேன். அவள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறேன். என் மகள் பாதி நாள் அவள் இடுப்பில்தான் இருப்பாள். அந்த வீட்டைக் காலி செய்து வந்து சில வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அவளை நினைத்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் அந்தத் தெரு முனையில் இருந்த பால்வாடியில் டீச்சர். என் வீட்டுக்காரருக்கு லோயர் கேம்ப் பவர்ஹவுஸில் கான்ட்ராக்ட் வேலை, காலையில் போனால் இருட்டித்தான் வருவார். மகள் மூன்று வயதுக்காரி. அவளையும் கையில் பிடித்துக்கொண்டு பால்வாடிக்குப் போவேன், மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் அவளும் உட்காருவாள். வாடகை குறைவு, வேலைக்கு நடந்தே போய்விடலாம், வீட்டுக்கார அக்கா தங்கமானவள் என்று சொல்லித்தான் எங்களை அங்கே குடிவைத்தார்கள்.

முதலில் மாடியைச் சொல்லிவிடுகிறேன். படியேறும்போதே நாற்றம் எதிரே வரும். செடிக்கு உரமாக ஊற்ற ஒரு நீல டிரம்மில் மீன் குடலும் செதிலும் நாட்டுச் சர்க்கரையோடு ஊறிக்கொண்டிருக்கும். பக்கத்தில் வாயைத் துணியால் கட்டிய பஞ்சகவ்யப் பானை. இன்னொரு ஜாடியில் எலுமிச்சைச் சாற்றுக்குள் முழு முட்டைகள் கிடந்து, ஓடு கரைந்து, தோலோடு வழுவழுவென்று மிதக்கும். கருமம், ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பானைக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவாள். கலக்கிய கையை மோந்து பார்த்து, "ஆச்சு, பதம் வந்துருச்சு" என்பாள். சோப்பு ஆகாது அவளுக்கு. வெறும் தண்ணீரில் அலம்பிவிட்டு அதே கையால் வெண்டைக்காயை ஒடித்து, "பச்சையாத் தின்னு புள்ள" என்று என் வாய்க்கு நேரே நீட்டுவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கடிப்பேன். இல்லை என்று சொல்லக் கூடாது, காய் நன்றாகத்தான் இருக்கும்.

மாடியின் கிழக்கு மூலையில் சிமெண்டில் கட்டிய மண்புழுத் தொட்டி. வெயில் படாமல் மேலே ஓலை, ஈரம் காயாமல் உள்ளே சாக்கு. தொட்டிக்குள் கையை விட்டு ஒரு புழுவை எடுத்து என் மகளின் உள்ளங்கையில் வைத்து, "அழுத்தாமப் பிடி தாயி, அதுக்கு எலும்பு கெடையாது" என்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அவர்கள் இருவரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். டிரம்மும் புழுவும் எனக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டன. அவளுடைய ஒரு பேச்சுத்தான் கடைசிவரை பழகவில்லை.

அதைச் சொல்லுமுன் அவர்கள் தோட்டத்தைச் சொல்ல வேண்டும். சுருளிப்பட்டிப் பக்கம் அவர்களுக்குத் திராட்சைப் பந்தல், நல்ல பன்னீர் திராட்சை. பழம் லாரியில் ஏறிக் குமுளி வழியாகக் கேரளா போகும். மேற்கே சாரல் பிடித்தால் கொடிக்கு நோய் வருமென்று மருந்தடிப்பார்கள். நோய் வந்துவிட்டால் வந்துவிட்டதே என்று அடிப்பார்கள். பக்கத்துப் பந்தல்காரர் அடித்தால் நாம் மட்டும் சும்மா இருப்பதா என்று அதற்கும் அடிப்பார்கள். அக்காவின் புருஷன் கூலியாட்களோடு நின்று தானே அடிப்பார். அடித்துவிட்டு நேரே வீட்டுக்கு வர முடியாது. தோட்டத்து மோட்டார் ரூமிலேயே குளித்து, வேறு துணி மாற்றி, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். அது அக்கா போட்ட சட்டம்.

ஒருநாள் அவர் மறந்துபோய் மருந்தடித்த சட்டையோடு வந்து கேட்டைத் திறந்தார். அக்கா மாடியில் இருந்தே பார்த்துவிட்டாள்.

"அங்கனயே நில்லுங்க. அந்தச் சட்டையோட உள்ள காலு வச்சீக, பொல்லாதவளாயிருவேன். பேரன் வந்து போற வீடு இது."

பாவம், வாய் பேசாத மனுஷன். தெருவிலேயே சட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு பனியனோடு நின்றார். அக்கா என் பக்கம் திரும்பி, "கொடியில துணி கெடந்தா எடுத்துரு புள்ள, காத்து இங்கிட்டுத்தான் அடிக்குது" என்றாள். எனக்குப் பிறந்த வீட்டில்கூட இப்படி அக்கறையாக யாரும் சொன்னதில்லை என்று அன்றைக்கு மனசு குளிர்ந்துபோனேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எது விஷம், அது எதில் ஒட்டிக்கொண்டு வரும், எவ்வளவு தூரம் வரும் என்று அவளுக்கு ஒன்றுவிடாமல் தெரியும். தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் அவளுக்குப் பரிந்துகொண்டு வர வேண்டாம்.

இனி அந்தப் பேச்சு. உலகத்தில் இருக்கிற பொருளெல்லாம் அவளுக்கு இரண்டே வகை. ஒன்று வீட்டுக்கு, மற்றது லாரிக்கு. அவர்களுக்குக் குடிக்க ஒரு காபித்தூள், வருகிறவர்களுக்கு ஒரு காபித்தூள். வந்தவர் முன்னறையில் உட்கார்ந்திருக்கும்போதே அடுப்படியில் என்னிடம், "அந்தச் செவப்பு டப்பா புள்ள, அது லாரிக்கு" என்பாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு எடுத்து வைத்த சேலையை நான் தொட்டுப் பார்த்தால், "அத என்னத்துக்குத் தடவுற, ஒரு தண்ணிக்குத் தாங்காது, லாரிக்கு வாங்குனது" என்பாள். மாரியம்மன் கோயில் அன்னதானத்துக்குக் காய் கேட்டு வந்தார்கள். மாடியில் கத்தரிக்காய் காய்த்துத் தொங்குகிறது. அவள் சந்தைக்கு ஆளை அனுப்பி, வாடி வதங்கிய கத்தரிக்காயாக ஒரு மூட்டை வாங்கிக் கொடுத்தனுப்பினாள். "நம்ம காய ஊருக்குக் கொட்டவா வளக்கேன்? ஊருக்கு அது போதும்." சாமிக்கே லாரிச் சரக்கு என்று நான் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். என் வீட்டுக்காரரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

சிரிப்பு நின்றது தேனியில். ஒரு மண்டபத்தில் மாடித்தோட்டக்காரர்கள் கூட்டம், என்னையும் கூட்டிப்போனாள். மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தால் அவ்வளவு அழகாகப் பேசுகிறாள். "நம்ம பெத்த பிள்ளைகளுக்கு நம்ம கையாலயே வெசத்தக் குடுக்கலாமா? நீங்களே சொல்லுங்க." எனக்கு முன் வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொன்னாடை போர்த்தினார்கள். அதைத் தோளில் போட்டபடியே வெளியே வந்தவள் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, இங்க தூத்தல் விழுகுது. அங்கன மேகம் கெடக்கா? அப்ப இன்னைக்கே ஒரு மருந்து அடிச்சு விட்டுருங்க. பழம் வெட்ட ரெண்டு நாள்தான இருக்குன்னு பாக்காதீக. அழுகிப்போச்சுன்னா எவன் வாங்குவான்?"

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். போனைப் பையில் வைத்துவிட்டு, "என்ன அப்படிப் பாக்குற? அது தொழிலு. வீட்டையும் தொழிலையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பக் கூடாது" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பொன்னாடையை மடித்து எனக்குக் கொடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்களுக்கும் அவள் திராட்சை கொடுப்பாள். குடிவந்த முதல் வருஷம் பழம் வெட்டும்போதெல்லாம் ஒரு கூடை கீழே வரும். என் மகளுக்குத் திராட்சை என்றால் உயிர். வாயெல்லாம் ஊதாவாகி, கன்னம், கழுத்து, சட்டை என்று சாறு வழியத் தின்பாள். கழுவித்தான் கொடுப்பேன். கழுவினால் சரியாகிவிடும் என்று ஊரில் எல்லாரும் நினைக்கிற மாதிரிதான் நானும் நினைத்தேன்.

மறு வருஷம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். மகன் பெங்களூரில். நான்தான் பார்த்துக்கொண்டேன். தலை முழுகி எழுந்ததும் என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், சின்னப் பந்தல் கட்டி இரண்டு திராட்சைக் கொடி ஏற்றியிருந்தாள். அதுவரை என்னை அந்தப் பக்கம் அவள் விட்டதில்லை. ஒரு குலையைக் கத்தரித்து என் கையில் வைத்தாள்.

"இனிமே பாப்பாவுக்குத் தோட்டத்துப் பழம் குடுக்காத. அதுல கண்ட மருந்தும் அடிக்கிறாக. இதுல தாரேன், இதக் குடு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அப்ப போன வருசம் பூராவும் கூடை கூடையாக் குடுத்து விட்டீகளே, அது?"

"அது லாரிக்கு உள்ளதுதான். அப்ப நீ குடியிருக்க வந்தவ. இப்ப என் தங்கச்சியாயிட்ட."

என் கன்னத்தைத் தடவினாள். வெட்கமும் இல்லை, மறைக்கவும் இல்லை, பெரிய பதவி ஒன்றைக் கொடுக்கிற சந்தோஷத்தோடு சொன்னாள். நான் கீழே வந்து தூங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். எதைத் தேடினேன் என்று எனக்கே தெரியவில்லை. அக்கா தொட்ட என் கன்னத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். "இப்பவாவது சொன்னாகளே, விடு" என்றார். அவருக்கு வேறு வீடு பார்க்கிற அலுப்பு. நான் விடவில்லை, மனசுக்குள் வைத்துக்கொண்டு அவளோடு அளவாகப் பேசினேன். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. முன்னைவிட உரிமையாகத்தான் நடந்தாள்.

அந்த மழைக்காலத்தில் பெங்களூரில் இருக்கிற அவள் பேரனுக்குப் பிறந்தநாள் வந்தது. சரியாக அந்த வாரம் கேரளா வியாபாரி வரவில்லை, பழம் பெட்டி பெட்டியாக நின்றுபோனது. அதற்கு முந்தாநாள்தான் அவள் படியில் நின்று, "அவுக மருந்தடிச்சிட்டு வாராக, துணிய உள்ள எடு" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். பிறந்தநாள் காலையில் அவள் புருஷன் பால்வாடி வாசலில் ஒரு பெட்டித் திராட்சையை இறக்கி வைத்துவிட்டுப் போனார். பின்னாலேயே அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். நான் பதிவேட்டு அறையில் இருந்து வெளியே வருவதற்குள் ஆயாவின் கையில் தன் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் தட்டில் குலை குலையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் திராட்சைத் தோட்டத்துக் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். "யாரும் வாயில் வைக்கக் கூடாது, டீச்சர் சொன்ன பிறகுதான்" என்று பழக்கியிருந்தேன். அதனால் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, இது முந்தாநாள் அடிச்ச பழமா?" என்று அவள் காதோரம் கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது. ஆளுக்கு நாலு பழம்தான."

சொல்லிவிட்டு வரிசையைப் பார்த்தவள் திடுக்கிட்டாள். நடுவில் என் மகள், கையில் ஒரு பழத்தை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா வேகமாகப் போய் அவளைத் தூக்கி நிறுத்தினாள். "நீ எந்திரி தாயி. உனக்கு வீட்ல வச்சிருக்கேன்." அவள் விரலுக்குள் இருந்த பழத்தைப் பிடுங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் தட்டில் போட்டாள். என் கண் முன்னால் போட்டாள். அந்தப் பிள்ளை அதை அவள் தனக்கென்று கொடுத்ததாக நினைத்துச் சிரித்தது.

நானும் ஆயாவும் தட்டு தட்டாகப் பழத்தை எடுத்துப் பெட்டியில் போட்டோம். கையில் வந்த பழத்தைப் பிடுங்கினால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? எல்லாம் சேர்ந்து கத்தி அழுதன.

"உனக்கு என்ன கிறுக்கா புள்ள?" என்றாள் அக்கா. "இதுகளோட ஆத்தா அப்பனெல்லாம் தெனமும் பந்தலுக்கடியில நின்னு திங்கலையா? இதுகளுக்குப் பழகுன ஒடம்பு."

"உங்க பேரன் ஒடம்பு மட்டும் பழகாதா அக்கா?"

"அவன் சின்னப் பிள்ளைதான" என்றாள்.

அவனுக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் ஒரே வயது. அவள் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பிள்ளைகளுக்கு அன்றைக்கு மதியச் சாப்பாட்டு முட்டையை முன்னாலேயே அவித்துக் கொடுத்துச் சமாளித்தோம்.

பெட்டியைப் பால்வாடியில் விட்டு வர மனசில்லை. மூன்று மணிக்குப் பால்வாடி விட்டதும் இடுப்பில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, மாடிக்குத் தூக்கிப்போனேன். மூச்சு வாங்கியது. அக்கா செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். நான் நேரே மண்புழுத் தொட்டிக்குப் போய்ப் பெட்டியை விளிம்பில் சாய்த்தேன். நல்ல எண்ணத்தில் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். இரண்டு கையையும் விரித்துத் தொட்டியை மறித்துக்கொண்டாள்.

"அதுல கொட்டாதடி. மருந்து பட்ட பழம்டி அது. உள்ள அம்புட்டு உசுரு கெடக்கு, ஒண்ணு பாக்கியில்லாமச் செத்துப்போகும்."

"காலைல இதத்தான அக்கா தட்டுல வச்சீக."

"அது வேற" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நடிப்பு என்று நினைத்து உற்றுப் பார்த்தேன், நடிப்பு இல்லை. புழுவுக்காக நிஜமாகவே அழுதாள். என்ன ஜென்மம் இது என்று நினைத்துக்கொண்டு பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

மறுநாள் காலையில் குழாயடியில் நின்றவளிடம் பழத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவள் முகம் தெளிந்திருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கிய முகம்.

"அத நீ இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கியா? நேத்து நீ எறங்கிப் போன கையோட பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடைக்குக் குடுத்து விட்டுட்டேன். சத்தியமாக் காசு வாங்கல. பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைக, பாவம், ஆளுக்கு ஒரு டம்ளர் குடிக்கட்டுமே."

நான் மகளைத் தூக்கிக்கொண்டு, வீட்டைப் பூட்டாமல்கூட பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஜூஸ் கடை வாசலில் அந்தப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. கடைக்காரர் அதன் மேல் கால் வைத்து நின்று டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பழம் எங்கே என்று கேட்டேன்.

"நேத்தே தீந்துபோச்சு டீச்சர்" என்றார். "என்னா இனிப்புங்கிறீக. ரெண்டாவது டம்ளரு கேட்டு நின்னுச்சுக பிள்ளைக."